வாசகர் கேள்வி – பதில்: கணினித் திரையில் ஒரு வான்சண்டை

கேள்வி: டிசிஎஸ் வேர்ல்ட் என்னும் கணினிப் போர்விமான சிமுலேட்டரில், இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயர் 9-ஐ எடுத்துக்கொண்டு இணையத்தில் மற்றவர்களுடன் மோதுகிறேன். அதே காலத்து ஜெர்மானிய ஃபோக்கவுல்ஃப் 190 விமானத்தைவிட ஸ்பிட்ஃபயர் குறுகலாகத் திரும்பும் என்கிறார்கள். இருந்தும், எதிரியைத் துரத்தித் திரும்பத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே நான்தான் சுட்டு வீழ்த்தப்படுகிறேன். எங்கே பிசகுகிறது?

பதில்: திரும்பும் திறனை நம்பியே சண்டையில் இறங்குவதுதான் பிசகு. ஜாய்ஸ்டிக்கை வயிறுவரை இழுத்து இரண்டு வட்டம் அடித்தால், உங்கள் ஸ்பிட்ஃபயர் வேகத்தையெல்லாம் இழந்து ஏறத்தாழ நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். விவரம் தெரிந்த எதிரி உங்களோடு சேர்ந்து வட்டமிட மாட்டார். தன் வேகத்தை உயரமாக மாற்றிக்கொண்டு மேலே போய், நீங்கள் தளர்ந்திருக்கும் நேரம் பார்த்து இறங்குவார்.

இதன் கணக்கு எளிது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் 1,000 மீட்டர் கீழே பாய்ந்தால், காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும்போது, அதன் வேகம் 580 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அதேபோல், 500 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் மூக்கை உயர்த்தி வேகத்தை 250-க்குக் குறைத்துக்கொண்டால், இயந்திரத்தின் உதவி இல்லாமலேயே ஏறக்குறைய 700 மீட்டர் உயரம் அவருக்குக் கிடைக்கும். வட்டமடித்துச் செலவழித்த வேகமோ காற்றோடு போனதுதான். இயந்திரம் அதை மீட்டுத்தர நேரம் பிடிக்கும்.

1941-இன் பிற்பகுதியில் ஆங்கிலக் கால்வாயின் மீது ஃபோக்கவுல்ஃப் 190 தோன்றியபோது, அன்றைய ஸ்பிட்ஃபயர் 5 திரும்பும் வட்டத்தைத் தவிர மற்ற அனைத்திலும் பின்தங்கியிருந்தது. 1942 ஜூனில் ஜெர்மானிய விமானி ஒருவர் வழிதவறி வேல்ஸிலுள்ள பெம்ப்ரே விமானத்தளத்தில் தரையிறங்கியதால், ஒரு முழு விமானம் பிரிட்டிஷாரின் கையில் சிக்கியது. அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் தம் விமானிகளுக்குச் சொன்ன முக்கியமான அறிவுரை, எதிரி வரக்கூடிய பகுதியில் எரிபொருளை மிச்சம் பிடிக்க மெதுவாகப் பறக்காமல், எப்போதும் அதிக வேகத்திலேயே பறக்க வேண்டும் என்பதுதான். எரிபொருளைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படத் தேவையில்லாத நாம் இதைப் பின்பற்றாமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

எதிரி உங்களுக்கு முன்னால் இடப்பக்கம் திரும்புகிறார். நீங்கள் வேகமாக வருவதால் அவருடைய வட்டத்துக்குள் நுழைய முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஜாய்ஸ்டிக்கை இன்னும் பலமாக இழுக்காதீர்கள். சாய்வைச் சற்றுக் குறைத்து, மூக்கை அவருடைய வட்டத்துக்கு மேலாக உயர்த்துங்கள். வேகம் குறையும், உயரம் சேரும். பிறகு அவர் இருக்கும் பக்கம் புரண்டு, மேற்கூரைக் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தபடியே மூக்கை இறக்கினால், வட்டத்தைக் குறுக்கே வெட்டி அவருடைய வாலுக்குப் பின்னால் வந்து சேர்வீர்கள். இதை ஹை யோ-யோ என்பார்கள். தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டால் அவர் பாய்ந்து தப்பிவிடுவார் என்பதால், ஒரே பெரிய ஏற்றத்தைவிடச் சிறிய ஏற்றங்கள் இரண்டு மேல்.

கேள்வி: எதிரி நேர் எதிரே குறிவட்டத்தில் இருந்தும் குண்டுகள் அனைத்தும் அவருக்குப் பின்னால் போகின்றன. ஏன்?

பதில்: தொலைவிலிருந்து சுடுகிறீர்கள். ஸ்பிட்ஃபயரின் 20 மில்லிமீட்டர் குண்டு 300 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.4 வினாடி ஆகும். மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே செல்லும் விமானம் அதற்குள் 44 மீட்டர் நகர்ந்துவிடும். அதாவது, அதன் சொந்த நீளத்தைப் போல் ஐந்து மடங்கு முன்னால் குறி வைக்க வேண்டும். அதைக் கண்ணால் மதிப்பிடுவது அனுபவசாலிகளுக்கே கடினம். 100 மீட்டரில் ஒன்றரை மடங்கு போதும். 1940-இல் பிரிட்டன் வானில் ஜெர்மானியருடன் நடந்த பிரிட்டன் போரின்போது பிரிட்டிஷ் விமானிகள் பலர், இறக்கைத் துப்பாக்கிகளின் குண்டுப்பாதைகள் சந்திக்கும் தூரத்தை 400 கெஜத்திலிருந்து 250 கெஜமாகக் குறைத்துக்கொண்டதும் நெருங்கிச் சுடுவதற்காகத்தான். உங்கள் விமானத்தின் 20 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றுக்கு 120 குண்டுகள் மட்டுமே உள்ளன. விசையை விடாமல் அழுத்தினால் 12 வினாடிக்குள் தீர்ந்துவிடும்.

கேள்வி: வாலுக்குப் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டால் கத்தரி போல இடமும் வலமும் மாறி மாறித் திரும்பித் தப்பலாமா?

பதில்: ஃபோக்கவுல்ஃப் 190-க்கு எதிராக வேண்டாம். பக்கவாட்டில் புரளும் வேகத்தில் அது உங்களைவிடச் சிறந்தது. ஒவ்வொரு முறை திசை மாற்றும்போதும் அவரே முந்துவார். அவர் சுடும் தூரத்துக்கு வருவதற்கு முன்பே, அவர் வரும் பக்கமாகவே கடுமையாகத் திரும்புங்கள். இங்கேதான் ஸ்பிட்ஃபயரின் குறுகிய வட்டம் உண்மையில் உதவும். எதிரி தாண்டிப் போனதும் அவரைத் துரத்தாமல், மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தை மீட்டுக்கொள்ளுங்கள்.

துணைக்கு ஒரு நண்பர் இருந்தால் இதைவிட நல்ல வழி உண்டு. அமெரிக்கக் கடற்படையின் ஜான் தாச், தம் வைல்ட்கேட் விமானம் ஜப்பானிய ஜீரோ போர்விமானத்துடன் சுழன்று திரும்ப முடியாது என்று அறிந்து, 1941-இல் வீட்டு மேசையில் தீக்குச்சிகளை வைத்து ஒரு முறையை வகுத்தார். 1942 ஜூனில் பசிபிக் கடலில் ஜப்பானியருடன் நடந்த மிட்வே போரில் அதைப் பயன்படுத்தவும் செய்தார். இருவர் இடைவெளி விட்டு இணையாகப் பறக்கிறார்கள். ஒருவரின் வாலை எதிரி பிடித்ததும் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்புகிறார்கள். துரத்தி வரும் எதிரி, இரண்டாமவரின் துப்பாக்கிக்கு நேராக வந்து நிற்கிறார். குரல்வழித் தொடர்பு இருந்தால் ஒரு மாலைப் பொழுதிலேயே பழகிவிடலாம்.

கேள்வி: விலை கூடிய ஜாய்ஸ்டிக் வாங்கினால் ஆட்டம் மேம்படுமா?

பதில்: ஓரளவுக்கு. செலவழிக்க முடியுமானால், முதலில் தலையின் அசைவைத் தொடர்ந்து பார்வையைத் திருப்பும் கருவியை வாங்குங்கள். ஜாய்ஸ்டிக் பிறகு வரட்டும். எதிரியைக் கண்ணிலிருந்து தவறவிடுபவருக்கு எந்த ஜாய்ஸ்டிக்கும் உதவாது.