ஓதத் தெரியும், படிக்கத் தெரியாது

தம்பி, பெரியபட்டினம் என்று ஊர்ப் பெயரைப் போட்டிருந்ததால்தான் உங்கள் கேள்வியை முழுக்கப் படித்தேன். நான் பக்கத்துக் கீழக்கரை. துபாய்க்குப் போய் முப்பது வருடம் தாண்டிவிட்டது. இப்போது விடுப்பில் ஊரில்தான் இருக்கிறேன். கரண்ட் இல்லை, மொட்டைமாடியில் கடல் காற்று அடிக்கிறது, தூக்கமும் வரவில்லை. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகப் போகும்.

உங்கள் கதையை நான் புரிந்துகொண்டது இது. துபாயில் ஒரு டிரேடிங் கம்பெனியில் கணக்குப் பிரிவில் 16 மாதம் வேலை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் தங்கச்சியின் இன்ஜினியரிங் கவுன்சலிங் விண்ணப்பம் போட்டீர்கள், சாப்பாட்டு நேரத்தில் கிரிக்கெட் பார்த்தீர்கள். பிடிபட்டு வேலை போய்விட்டது. ஹெச்.ஆர்.காரர் போலீஸுக்குப் போவோம் என்கிறார், விசா செலவைக் கட்டு என்கிறார். நீங்கள் ஷார்ஜாவில் மச்சான் ரூமில் போனை அணைத்து வைத்துவிட்டு, பக்கத்துக் கட்டில்காரர் போனில் எழுதுகிறீர்கள். கேஸ் வருமா, ஏர்போர்ட்டில் பிடிப்பார்களா, சிங்கப்பூர் தேவலையா, ஷார்ஜாவில் தனி ரூம் வாடகை எவ்வளவு, வீட்டில் சொல்லலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தப் போனை ஆன் செய்யுங்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொந்த வேலை பார்ப்பது ஆபீஸ் விதியை மீறியது. அதற்கு வேலை போகலாம், போய்விட்டது. ஆனால் அதுவே போலீஸ் குற்றம் ஆகிவிடாது. அமீரகத்தில் 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் இணையக் குற்றச் சட்டம் கடுமையானதுதான். அது பிடிப்பது வேறு ஆட்களை. அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினிக்குள் புகுந்தவன், அடுத்தவர் ரகசியத்தை வெளியே விட்டவன், சூதாட்டத் தளம், ஆபாசம், குற்றத்தை மறைக்க விபிஎன் போட்டவன். உங்களுக்குக் கொடுத்த கம்ப்யூட்டரில் உங்களுக்குக் கொடுத்த பாஸ்வேர்டைப் போட்டுத் தங்கச்சியின் மார்க் ஷீட்டை ஏற்றியது இதில் எதிலும் வராது. ஆனால் வேலை போன பிறகு அதே பாஸ்வேர்டால் வெளியிலிருந்து உள்ளே போனீர்கள் என்றால் கதையே மாறிவிடும். அதைச் செய்யாதீர்கள். கம்பெனிக் கணக்கு ஃபைல் எதையும் உங்கள் ஜிமெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள், ஆதாரத்துக்கு இருக்கட்டுமே என்றுகூட வேண்டாம். உங்கள் போனிலிருந்தே வாட்ஸப், ஜிமெயில் எல்லாவற்றையும் அந்த மெஷினிலிருந்து வெளியேற்றிவிட்டு, பேங்க் பாஸ்வேர்டை மாற்றுங்கள். தங்கச்சி சான்றிதழ் அதில் கிடந்தால் ஹெச்.ஆருக்கு மரியாதையாக ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று, இதைப் பெரிதாகவே சொல்கிறேன். கோபத்தில் மேனேஜருக்கு வாட்ஸப்பில் ஒரு வார்த்தை விட்டுவிடாதீர்கள். கம்பெனிப் பெயரைப் போட்டு முகநூலில் எழுதாதீர்கள். அங்கே திட்டி அனுப்புவதே கேஸ். நம் பிள்ளைகள் கம்ப்யூட்டரால் மாட்டியதைவிட, வேலை போன ராத்திரி அனுப்பிய வாய்ஸ் மெசேஜால் மாட்டியதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இதோடு சேர்த்து ஒன்று: ஊர்ப் பள்ளிவாசலுக்கு, கோயிலுக்கு, யாரோ ஒருவர் ஆபரேஷனுக்கு என்று குரூப்பில் வசூல் பண்ணுவதையும் நிறுத்திக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் நிதி திரட்டுவது அங்கே குற்றம். நம்மூர் ஆட்களுக்கு இதைச் சொன்னால் ஈமான் இல்லாதவனைப் பார்ப்பது போல என்னைப் பார்ப்பார்கள்.

ஹெச்.ஆர்.காரர் சொன்ன விசா செலவு வெறும் மிரட்டல். வேலைக்கு எடுத்த செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டத்திலேயே இருக்கிறது. 2022 பிப்ரவரி 2 முதல் அந்தச் சட்டம்தான் நடக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் நீக்குவதற்கு அதில் 44-ஆம் பிரிவு. எழுத்தில் விசாரணை வைக்க வேண்டும். கடமையைச் செய்யவில்லை என்று நீக்குவதானால், வேலை போகும் என்று இரண்டு முறை எச்சரித்திருக்க வேண்டும். பதவியை வைத்துச் சொந்த லாபம் பார்த்தான் என்றும் ஒரு வகை உண்டு. ஆபீஸில் உட்கார்ந்து டிக்கெட் வியாபாரம், பிளாட் வியாபாரம் பார்க்கிற நம் ஆட்கள் பயப்பட வேண்டியது அதற்குத்தான். கவுன்சலிங் விண்ணப்பத்தில் என்ன லாபம்? உங்களுக்கு இரண்டு முறை எச்சரிக்கை வந்ததா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. வரவில்லை என்றால் நோட்டீஸ் காலச் சம்பளம் குறைந்தது 30 நாளுக்குக் கேட்கலாம்.

சர்வீஸ் பணம் (கிராஜுவிட்டி) உண்டு. ஒரு வருடம் முடிந்துவிட்டதால் வருடத்துக்கு 21 நாள் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) கணக்கு. 16 மாதத்துக்கு 28 நாள். உங்கள் பேசிக் 1500 திர்ஹம் என்றால் 1400 திர்ஹம் வரும். பெரிய தொகை இல்லைதான், ஆனால் உங்களுடையது. வேலை முடிந்து 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டுக்கு மட்டும் சண்டை போடாதீர்கள். தொழிலாளியின் தவறால் வேலை போனால் அது கம்பெனி தலையில் விழாது.

இதெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். 1997-ல் ஒரு எழுத்துத் தெரியாது.

1994-ல் துபாய்க்குப் போனவன் நான். இங்கிருந்து பஸ்ஸில் தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று மாறி மாறித் திருவனந்தபுரம் போய் பிளேன் ஏறினேன். பையில் உம்மா வைத்துவிட்ட தொதல், மாசி, ஊறுகாய். துபாயில் தேரா பகுதியில் எட்டுப் பேர் ரூம். சேர்ந்தது ஒரு ஜவுளி இறக்குமதி ஆபீஸ், பெயர் வேண்டாம். அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர், விண்டோஸ் 95, கூடவே கிரீச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். டைப் அடிக்கத் தெரிந்தவன் ரூமில் நான் ஒருவன்தான். எட்டுப் பேருக்கும் பயோடேட்டா அடித்துக் கொடுத்தேன். அது அடுத்த ரூமுக்குத் தெரிந்தது, பிறகு மாடி முழுவதும். காசு வாங்கவில்லை. யாராவது ஒரு பிளேட் பரோட்டா வாங்கித் தருவார்கள். எல்லாவற்றையும் என் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் போட்டுப் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தேன் பாருங்கள், அந்த அறிவை என்ன சொல்ல. முதீர், அதாவது மேனேஜர், ஒரு நாள் திறந்து பார்த்தார். 43 பயோடேட்டா. பேப்பர் ஏன் தீர்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது. போலீஸுக்குப் போன் போடுவேன் என்று கத்தினார். நான் படி இறங்கி ஓடிவிட்டேன். பாஸ்போர்ட் கம்பெனி லாக்கரில்.

பதினோரு நாள் ரூமை விட்டு வெளியே வரவில்லை. ரூமில் இருந்த ஏழு பேரும் ஏழு வக்கீல் ஆனார்கள். கம்ப்யூட்டர் திருட்டுக்கு ஆறு மாதம் உள்ளே என்றார் ஒருவர். பேப்பர் திருட்டும் சேரும் என்றார் இன்னொருவர். அஜ்மான் பக்கம் போய்க் கல்லிவல்லியாக, அதாவது அனுமதி இல்லாமல், வேலை பார், பத்தாகா என்கிற அட்டை எல்லாம் யாரும் கேட்க மாட்டான் என்று ஒருவர் ஆளே பேசிவிட்டார். இதில் நான் பயோடேட்டா அடித்துக் கொடுத்தவர்களும் உண்டு! அவர்களில் ஒருவர்கூட என்னோடு ஆபீஸ் வரை வருகிறேன் என்று சொல்லவில்லை. இன்றைக்கும் மாறவில்லை. மலையாளி ஒருவனுக்குக் கஷ்டம் என்றால் நாலு பேர் கூடுவான். நம்மிடம் போனால் முதலில் எந்த ஊர், அப்புறம் எந்தத் தெரு, அப்புறம் யார் வீட்டுப் பிள்ளை. எல்லாம் விசாரித்து முடிப்பதற்குள் விசா தேதி தீர்ந்துவிடும். சென்னையிலிருந்து வருகிற ஐ.டி. பிள்ளைகள் ஊரைக்கூடக் கேட்பதில்லை, ஒரு லிங்க் அனுப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

மெஸ்ஸில் சமைத்த ஏர்வாடிக்காரர் ஒருவர்தான், "போலீஸ் வந்தா நீ இருக்குற எடத்துக்குத்தானே வரும்? நீயா போனா வெறும் ஆளு, இழுத்துட்டுப் போனா குத்தவாளி. எந்திரிச்சுப் போ காக்கா" என்றார். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். வயதில் மூத்தவர் என்னை அப்படிக் கூப்பிட்டது கிண்டலுக்கு. போனேன். முதீர் என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "சாவி எங்கே?"

பில்கள் வைக்கும் இரும்பு அலமாரிச் சாவி. பதினோரு நாளும் என் பேண்ட் பாக்கெட்டிலேயே இருந்திருக்கிறது. சுங்கத்துக்குப் போக வேண்டிய தாள்கள் எல்லாம் அதற்குள். போலீஸுக்குப் போவதாக இருந்தால் அந்தச் சாவிக்காகத்தான் போயிருப்பார்களாம். பயோடேட்டா விஷயம் மறுநாளே மறந்துவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் சிரிப்புக் கதை. சாவியைக் கொடுத்ததும், விசா, அரசாங்கத் தாள் வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ. ஒரு தாளை நீட்டினார், முழுவதும் அரபி. நான் மதரஸாவில் நன்றாக ஓதியவன். குர்ஆன் ஓதிய பழக்கத்தில் அந்தத் தாளின் நாலு வரியையும் கடகடவென்று வாசித்தேன். பி.ஆர்.ஓ.வுக்கே ஆச்சரியம். வாசித்ததில் பொருள் தெரிந்தது ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டேன். பாஸ்போர்ட் கையில் வந்த சந்தோஷம். அந்தத் தாள் சொன்னது: சம்பளம், விடுப்புப் பணம் எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. 19 நாள் சம்பளமும் இரண்டு வருட விடுப்புப் பணமும் அதோடு போனது. சர்வீஸ் பணம் எப்படியும் வந்திருக்காது. அப்போதிருந்த 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒழுங்கீனம் என்று நீக்கினால் அதையும் பறிக்க வழி இருந்தது. இப்போது அந்தப் பிரிவு இல்லை.

எங்கள் வீட்டில் உம்மாவைப் பெற்றவர் கடிதம் எழுதினால் அரபு எழுத்தில் தமிழ் எழுதுவார். கீழக்கரையில் அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்குத் தெரிந்த எழுத்து அதுதான். "தங்கமே, நேரத்துக்குச் சாப்பிடு" என்பதைக்கூட வலமிருந்து இடமாக எழுதுவார். அந்த எழுத்தில் ஒன்று வேதம் இருக்கும், இல்லாவிட்டால் வீட்டுக் கடிதம் இருக்கும் என்றே வளர்ந்தவன் நான். அதே எழுத்தில் ஒருவன் என் கூலியை எழுதி எடுத்துக்கொள்ளலாம் என்பது தேராவில் அந்த மேசைக்கு முன்னால்தான் தெரிந்தது. ஊருக்குத் திரும்பி ஏழு மாதம் சும்மா இருந்தேன். மறுபடி விசா கிடைத்துப் போனதும் முதல் வேலையாக ராத்திரி வகுப்பில் சேர்ந்து அரபி படித்தேன். இன்றைக்கு ஒப்பந்தம், நோட்டீஸ், கோர்ட் தாள் எதையும் நானே படித்துவிடுவேன்.

உங்களுக்கு அரபி தெரிய வேண்டும் என்று சொல்லவில்லை, போனில் படம் எடுத்தாலே மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. விசா ரத்துக்கான கேன்சலேஷன் தாளை அப்படிப் பாருங்கள். எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று இருந்தால், பணம் அக்கவுண்டில் விழுந்த பிறகு கையெழுத்து. நீக்கிய காரணம் என்ன போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். மாதம் 5 திர்ஹம் வேலையிழப்புக் காப்பீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா? 12 மாதம் விடாமல் கட்டியவருக்குப் பேசிக்கில் 60 சதவீதம், அதிகபட்சம் மூன்று மாதம் கிடைக்கும். ஆனால் ஒழுங்கு நடவடிக்கை என்று தாளில் ஏறிவிட்டால் கிடைக்காது. இதற்குத்தான் ஹெச்.ஆரிடம் பணிவாகப் பேச வேண்டும். அழ வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். கொடுக்க மாட்டேன் என்றால் தொழிலாளர் அமைச்சகத்தின் 80084-க்குப் போன் போடுங்கள். 50,000 திர்ஹத்துக்கு உட்பட்ட வழக்குகளை அவர்களே தீர்த்து வைக்கலாம் என்று 2024 ஜனவரியிலிருந்து விதி. இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவிலும் சட்ட ஆலோசனை உண்டு.

ஏர்போர்ட்டில் பிடிப்பார்களா என்றால், கம்ப்யூட்டருக்காக இல்லை. கிரெடிட் கார்டு, பேங்க் லோன் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? நீங்கள் பயப்பட வேண்டியது அதற்கு. கட்டாமல் பிளேன் ஏறினால் கேஸ் பின்னாலேயே வரும். விசா ரத்தான பிறகு எத்தனை நாள் தங்கலாம் என்பது உங்கள் தாளிலேயே இருக்கும். அதற்கு மேல் ஒரு நாளுக்கு 50 திர்ஹம் அபராதம்.

வாடகை என்னிடம் கேட்காதீர்கள், நான் சொல்கிற கணக்கு பழசாக இருக்கும். சிங்கப்பூரைத் தொண்டிக்காரர்களிடம் கேளுங்கள், அவர்கள் அதைத் தவிர வேறு எதையும் பேசமாட்டார்கள். வீட்டில் சொல்வதா? சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் மறைத்த பதினோரு நாளில் ரூம்காரர் ஒருவர் ஊருக்குப் போன் போட்டு, நான் ஜெயிலில் இருப்பதாக வாப்பாவிடம் சொல்லிவிட்டார். வாப்பா சங்குக் கடையை அடைத்துவிட்டு மூன்று நாள் திறக்கவே இல்லையாம்.

நாளைக்கு ஆபீஸுக்குப் போகும் முன்னால் பேண்ட் பாக்கெட், லேப்டாப் பை எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். சாவி, ஆபீஸ் அட்டை, சிம் எது இருந்தாலும் எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்குத் தேதி போட்டு ஒரு ரசீது வாங்குங்கள்.