ஜியாலஜி படித்தால் பிழைக்க முடியுமா? ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா.

மகள் ஒரு மூத்த நிலவியலாளருக்கு நடந்த பாராட்டு விழாவைப் பார்த்துவிட்டு வந்து, ஜியாலஜிதான் (நிலவியல்தான்) படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் கிடைத்த பெயர் எல்லாருக்கும் கிடைக்குமா, பாறையைத் தட்டிப் பார்த்துப் பிழைக்க முடியுமா என்பது உங்கள் கவலை. பிழைக்க முடியும், நன்றாகவே பிழைக்கலாம். ஆனால் அது எந்த மாதிரி பிழைப்பு என்று தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

முதலில் விருது, பாராட்டு ஆகியவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வில்லியம் ஸ்மித் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை 1815-இல் வெளியிட்டார். 1819-இல் கடனுக்காகச் சிறைக்குப் போனார். லண்டன் நிலவியல் கழகத்தின் உயரிய விருதான வொலாஸ்டன் பதக்கம், முதன்முதலாக, அவருக்குக் கிடைத்தது 1831-இல். நடுவில் எந்த வருடத்தில் பார்த்திருந்தாலும் ‘இந்த மனுஷன் தேறமாட்டார்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். பாராட்டுரைகளில் தொழில், கற்பித்தல், சேவை என்று மூன்றைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். மகளின் கண் அந்த மூன்றில் இருக்கட்டும்.

தொழில் என்றால் என்ன? அணை, சுரங்கப்பாதை, பாலம் எது கட்டினாலும் முதலில் தரையைத் துளைத்து உருளை உருளையாகப் பாறையை எடுப்பார்கள். அதற்கு ‘கோர்’ என்று பெயர். நீளமான பெட்டியில் ஆழ வரிசைப்படி அடுக்கி வைத்திருப்பார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் நிலவியலாளர் பெரும்பாலும் அந்தப் பெட்டி முன்னால்தான் உட்கார வேண்டியிருக்கும். தண்ணீர் தெளித்து நிறம் பார்ப்பார், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் கனிமம் பார்ப்பார், 10 சென்டிமீட்டருக்கு மேல் முழுசாக இருக்கும் துண்டுகளின் நீளத்தைக் கூட்டி, துளைத்த நீளத்தில் அது எத்தனை சதவீதம் என்று குறிப்பார். பாறை எவ்வளவு உடைந்து கிடக்கிறது என்பதற்கு அது ஓர் அளவு. ஒன்றரை மீட்டர் துளைத்திருக்கிறார்கள், பெட்டியில் 1.2 மீட்டர்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 30 சென்டிமீட்டர் எங்கே போனது? துளைப்பவரின் கைப்பிசகாக இருக்கலாம். இல்லையென்றால் அந்த இடத்தில் மெல்லிய களிமண் இருந்து, துளைக்கும்போது விட்ட தண்ணீரில் கரைந்து போயிருக்கலாம். என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் முக்கால்வாசித் திறமை, பெட்டியில் இல்லாத அந்தத் துண்டைப் பற்றிக் கேட்பதில்தான் இருக்கிறது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், இத்தாலியில் வயோன்ட் அணை கட்டிக்கொண்டிருந்தபோது, 1959-இல், எதுவார்தோ செமென்சா என்ற இளம் நிலவியலாளர் நீர்த்தேக்கத்தின் கரையிலுள்ள டோக் மலையில் மிகப் பழைய, பிரம்மாண்டமான நிலச்சரிவு ஒன்று படுத்திருப்பதைக் கண்டுபிடித்தார். அணையை வடிவமைத்த பொறியாளர் அவருடைய சொந்த அப்பா. இருந்தும் கண்டதை அறிக்கையில் எழுதினார். மூத்த நிபுணர்கள் பலர் அதை ஏற்கவில்லை. 1963 அக்டோபர் 9 இரவு அந்தச் சரிவிலிருந்து ஏறக்குறைய 27 கோடி கன மீட்டர் பாறை நீர்த்தேக்கத்துக்குள் இறங்கியது. அணை உடையவில்லை. தண்ணீர் அதைத் தாண்டிக் குதித்துக் கீழே இருந்த ஊர்களை அழித்தது, சுமார் 2,000 பேர் இறந்தார்கள். மலை வழுக்கிய தளத்தில் மெல்லிய களிமண் அடுக்குகள் இருந்ததைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. செமென்சா பிறகு பேராசிரியராகி, கடைசிக் காலம் வரை வயோன்டைப் பற்றி எழுதினார், விளக்கினார்.

அவருடைய வாழ்க்கையில் தொழில் எங்கே முடிந்தது, கற்பித்தல் எங்கே தொடங்கியது என்று கோடு போட முடியுமா? நான் மாணவர்களிடம் சொல்வது இதுதான்: கற்பிக்க ஆசை இருந்தால் நல்லது, ஆனால் நடுவில் சில வருடங்களாவது களத்தில் வேலை பாருங்கள். ஒரு முறை கள அறிக்கையில் பொறுப்போடு கையெழுத்துப் போட்டவர் நடத்தும் வகுப்பு வேறு மாதிரி இருக்கும்.

கையெழுத்து என்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தோனேசியாவின் புசாங்கில் மலை மலையாகத் தங்கம் இருப்பதாகச் சொல்லி, கனடாவின் பிரீ-எக்ஸ் நிறுவனத்தின் பங்கு விலை எங்கேயோ போனது. சோதனைக்கு அனுப்பிய பாறை மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலந்திருந்தது 1997-இல் அம்பலமானது. ஏராளமானவர்களின் சேமிப்பு போயிற்று. அதற்கப்புறம் 2001-இல் கனடாவில் ஒரு விதி வந்தது. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி தன் கனிம வளத்தைப் பற்றித் தொழில்நுட்ப விவரம் வெளியிட்டால், அதன் பின்னால் தகுதி பெற்ற நிபுணர் ஒருவர் இருக்க வேண்டும். அவருக்குக் குறைந்தது ஐந்து வருட அனுபவமும் தொழில்முறைச் சங்கத்தின் உறுப்பினர் தகுதியும் தேவை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் நிலவியலாளராகப் பொதுமக்களுக்கு வேலை செய்ய, தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். பிரிட்டனில் பட்டய நிலவியலாளர் (சார்ட்டர்ட் ஜியாலஜிஸ்ட்) என்ற தகுதி இருக்கிறது. பட்டம் வாங்கியதோடு படிப்பு முடிந்துவிடாது. அடுத்த ஐந்தாறு வருடத்தில் இப்படியொரு தகுதியை எடுப்பதையும் இப்போதே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சேவை என்பதை ஓய்வுபெற்ற பிறகு செய்யும் தானதர்மம் என்று நினைத்துவிடாதீர்கள். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை விழித்தபோது, அந்நாட்டு விஞ்ஞானிகளும் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையினரும் சேர்ந்து கண்காணித்தார்கள். நில அதிர்வைப் பதிவு செய்வதோடு வேலை முடியவில்லை. பல நூறு வருடங்களாகத் தூங்கிய மலை வெடிக்கும் என்று அதிகாரிகளை நம்ப வைக்க வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை எளிய எச்சரிக்கை நிலைகளை வைத்தார்கள், மற்ற எரிமலைகள் என்ன செய்தன என்பதைக் காட்டும் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். ஜூன் 15 பெருவெடிப்புக்கு முன் பல்லாயிரம் பேர் இடம்பெயர்ந்திருந்தார்கள். ஈரச் சாம்பல் கனத்தில் கூரை இடிந்தும் மற்ற விதங்களிலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தது உண்மை, ஆனால் ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பின. கணக்கு, பாறை அறிவு, எளிமையாகப் பேசும் திறமை மூன்றும் ஒரே ஆளுக்குத் தேவைப்பட்ட நாட்கள் அவை. மகளுக்கு நன்றாகப் பேசவும் எழுதவும் வரும் என்கிறீர்கள். இந்தத் துறையில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு.

வருமானத்துக்கு வருகிறேன். எண்ணெய், சுரங்க வேலைகளில் சம்பளம் உயரம், சறுக்கலும் பெரிது. 2014-இன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30 டாலருக்குக் கீழே போனபோது உலகம் முழுக்க நிலவியலாளர்கள் வேலை இழந்தார்கள். நிலத்தடி நீர், கட்டுமான நிலவியல், மாசு அகற்றுதல் ஆகியவற்றில் அந்த அளவுக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அதனால் என் யோசனை: விருப்பப்பாடம் எதுவானாலும், நிலத்தடி நீரியலும் பாறை இயங்கியலும் (பாறை எவ்வளவு பாரம் தாங்கும், எப்படி உடையும் என்ற பாடம்) ஒவ்வொரு தாளாவது படித்து வைக்கட்டும். இடம் சார்ந்த தகவல்களை வரைபடமாக்கும் ஜிஐஎஸ் மென்பொருளும் கொஞ்சம் கணினி நிரலும் தெரிந்திருந்தால் முதல் வேலை சீக்கிரம் கிடைக்கும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மூன்று வருடத்தில் எத்தனை நாள் களப்பயணம், மாணவர்களே வரைபடம் போடுகிறார்களா, பாடம் எடுப்பவர்களில் வெளியே வேலை பார்த்தவர் யாராவது உண்டா என்று கேளுங்கள். ‘பெண் பிள்ளையை மலைக்கு எப்படி அனுப்புவது’ என்ற உங்கள் பயத்தையும் துறைத்தலைவரிடம் நேராகவே கேட்கலாம். தனியாக யாரையும் அனுப்புவதில்லை, போகும் வழியும் திரும்பும் நேரமும் எழுதி வைக்கப்படும், முதலுதவி தெரிந்தவர் கூட வருவார், பெண்களுக்குத் தனித் தங்குமிடம் உண்டு என்று எழுத்தில் காட்டும் துறையில் தைரியமாகச் சேர்த்துவிடுங்கள். வாய்வார்த்தையாக ‘அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்’ என்று மழுப்பினால், எவ்வளவு பெயர் பெற்ற இடமாக இருந்தாலும் அடுத்த கல்லூரிக்குப் போய் இதே கேள்விகளைக் கேளுங்கள்.