பெட்டியைக் கழற்றும் முன்: ஏவியானிக்ஸ் (விமான மின்னணுவியல்) கேள்வி-பதில்

கே: பிளஸ் டூ முடித்துவிட்டேன். ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) படிப்பில் பி1, பி2 இரண்டில் எதில் சேரலாம்? (மாணவர், திருச்சி)

இன்ஜினிலும் உடற்கட்டிலும் ஆர்வம் என்றால் பி1-இல் பி1.1 (டர்பைன் இன்ஜின் விமானங்களுக்கான பிரிவு). மின்னணுவில் மனம் போகிறது என்றால் பி2. எதில் சேர்ந்தாலும், கல்லூரிச் சான்றிதழ் வேறு, டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தரும் லைசென்ஸ் வேறு. லைசென்ஸுக்கு, தேர்வின் ஒவ்வொரு மாட்யூலிலும் (பாடப் பகுதியிலும்) 75 சதவீதம் எடுக்க வேண்டும். பராமரிப்பு அனுபவம் காட்ட வேண்டும். பிறகு விமான வகைக்கான ரேட்டிங் (அந்த வகையில் வேலை பார்க்கும் தகுதி). "படிப்பு முடிந்ததும் லைசென்ஸ் கையில்" என்று சொல்லும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கே: வி.எச்.எஃப். ரேடியோ வேலை செய்யவில்லை. என்ன செய்வது?

எந்த விமானம்? பேச்சு கேட்கவில்லையா, போய்ச் சேரவில்லையா? ஒரு செட்டா, எல்லாமுமா? தரையிலா, வானிலா? இதில் ஒன்றைக்கூட எழுதாதவருக்கு நான் என்ன சொல்ல முடியும்? விமானி லாக் புக்கில் எழுதியதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

கே: மழை நாட்களில் மட்டும் ஐ.எல்.எஸ். (தரையிறங்க வழிகாட்டும் கருவி) சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. மூன்று முறை ரிசீவரை மாற்றினோம். மூன்றையும் "பழுது இல்லை" என்று பழுது பார்க்கும் ஷாப் திருப்பி அனுப்பிவிட்டது. (டெக்னீஷியன், பெங்களூரு)

"மழை நாட்களில் மட்டும்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரிசீவர் நனையாத இடத்தில் இருக்கிறது. நனைவது ஆன்டெனாவும் அதன் கோஆக்ஸ் கம்பியின் கனெக்டரும் (இணைப்பும்). முதலில் அங்கே தண்ணீரும் பச்சைப் பூப்பும் (செம்பு அரிப்பு) இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். விமானத்திலுள்ள இரண்டு ரிசீவர்களையும் ஒன்றின் இடத்தில் மற்றதை மாற்றிப் போட்டிருந்தால், குறை பெட்டியோடு (ரிசீவரோடு) போகிறதா, கம்பியோடு நிற்கிறதா என்று அன்றே தெரிந்திருக்கும்.

பெட்டியை மாற்றுவது பழுது கண்டுபிடிப்பது ஆகாது. நல்ல பெட்டி லாரியில் குலுங்கிப் போய்வருகிறது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ரேக்கின் (பெட்டி பொருந்தும் தாங்கியின்) பின்கள் தேய்கின்றன. அதைவிட மோசம், மல்டிமீட்டரின் தடித்த முனையைக் கனெக்டரின் சாக்கெட்டுக்குள் திணித்து அளப்பது. சாக்கெட் அகன்றுவிடும், அடுத்த மாதம் அதுவே புதிய பழுதாக வரும். சரியான அளவு டெஸ்ட் பின் இல்லையென்றால் அளக்காதீர்கள். கம்பி அலட்சியத்துக்குரியது அன்று. 1998-இல் ஸ்விஸ்ஏர் 111 விமானத்தில் தீ, கம்பியில் எழுந்த மின்பொறியிலிருந்து தொடங்கியதாகவே விசாரணை முடிவு செய்தது. 229 பேர் இறந்தார்கள். பிரேக்கரை இழுத்து மின்சாரத்தைத் துண்டித்து, யாரும் திரும்ப அழுத்தாதபடி காலர் மாட்டி, மேனுவலைத் திறந்து வைத்துக்கொண்டு, கனெக்டரிலிருந்து தொடங்குங்கள்.

கே: விமானத்தைக் கழுவும்போது ஸ்டேடிக் போர்ட்டுகளை (உயரம், வேகம் காட்டக் காற்றழுத்தம் எடுக்கும் துளைகளை) டேப் ஒட்டி மூடலாமா?

மேனுவல் என்ன சொல்கிறதோ அதை மட்டும், பளிச்சென்று தெரியும்படி. மூடியதை லாக் புக்கில் எழுதுங்கள். 1996 அக்டோபரில், கழுவிய பிறகு எடுக்காமல் விட்ட டேப்போடு லிமாவிலிருந்து புறப்பட்ட ஏரோபெரு 757-இல் உயரமும் வேகமும் பொய்யாகக் காட்டின. கடலில் விழுந்து 70 பேரும் மாண்டார்கள்.

கே: 5ஜி கோபுரங்களால் ரேடியோ ஆல்டிமீட்டர் (ரேடியோ அலையால் தரையிலிருந்து உயரம் அளக்கும் கருவி) கெடுமா?

கருவி கெடாது, அளவு தவறலாம் என்பதே அச்சம். அது 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அமெரிக்க 5ஜி ஏறக்குறைய 4 வரை நெருங்கியதால்தான் 2022-இல் அத்தனை பதற்றம். இந்தியாவில் அந்த 5ஜி பட்டை 3.7-க்குக் கீழேயே முடிகிறது.

கே: சென்னைக் காற்றில்தான் ஈரம் இருக்கிறதே, ரிஸ்ட் ஸ்ட்ராப் (உடலின் நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் மணிக்கட்டுப் பட்டை) அவசியமா?

அவசியம். நீங்கள் வேலை செய்யும் ஏசி அறையில் அந்த ஈரம் இல்லை. நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட் இருந்தால்தான் விரலுக்கு உறைக்கும். சில சிப்களுக்கு நூறு வோல்ட்டே எமன். ஸ்ட்ராப்பைத் தினமும் டெஸ்டரில் சோதியுங்கள், கழற்றிய கனெக்டருக்கு உடனே மூடி போடுங்கள்.