வாசகர் கேள்வி - பதில்: லோடு பேலன்சரா, ஜீரோ டிரஸ்ட்டா?

கேள்வி: நகைக்கடன் நிறுவனம் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலைகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டையில் கிளைகள் உண்டு. கணக்கு சாஃப்ட்வேர் இங்கே தலைமை அலுவலகத்தில் 2 சர்வர்களில் ஓடுகிறது, கிளைகளில் இருப்பவர்கள் ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்து வேலை பார்க்கிறார்கள். ஒரு டீலர் எஃப்5 லோடு பேலன்சருக்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். இன்னொருவர் ஸீஸ்கேலர் ஜீரோ டிரஸ்ட் போடச் சொல்கிறார். எங்கள் முதலாளி "ரெண்டுல எது நல்லதுன்னு ஒண்ணைச் சொல்லு" என்கிறார். எதைச் சொல்வது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டும் வேறு வேறு வேலைக்கான சாமான்கள் சார், ஒன்றுக்கு ஒன்று மாற்று கிடையாது. வந்திருக்கிற கோரிக்கையை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது லோடு பேலன்சர். ஒரு சர்வர் படுத்துவிட்டால் எல்லாவற்றையும் மற்றதுக்குத் திருப்பிவிடும். வருகிறவர் யார், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறார், அவர் கேட்கிற அந்த ஒரு சாஃப்ட்வேரைத் தொட அவருக்கு அனுமதி உண்டா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது ஜீரோ டிரஸ்ட். விற்கிற கம்பெனிகள் இரண்டையும் ஒட்டி வைத்து விற்பதால்தான் இந்தக் குழப்பம். எஃப்5 பிக்-ஐபியில் ஏபிஎம் என்ற மாட்யூலைச் சேர்த்தால் அதே பெட்டி ஆளையும் சரிபார்க்கும். சிட்ரிக்ஸ் நெட்ஸ்கேலரும் லோடு பேலன்சர் வேலை, ரிமோட் கேட்வே வேலை இரண்டையும் செய்யும்.

எனக்குப் பதற்றம் தந்தது உங்கள் கடிதத்தில் இருக்கும் வேறொரு வரி. கிளைகளில் இருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் வருகிறார்கள் என்கிறீர்களே, அதற்காக ரூட்டரில் 3389 போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் வந்து போகிற வாசலை, இணையத்துக்குத் திறந்து விட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் இன்றைக்கே சர்வரில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் செக்யூரிட்டி போய், 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அது தோற்றுப்போன லாகின் முயற்சிகளின் எண். அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், யூசர் என்று உங்கள் அலுவலகத்தில் இல்லாத பெயர்களில், நடுராத்திரியிலும் வரிசை வரிசையாக வந்துகொண்டிருக்கும். இணையம் முழுக்கத் திறந்த போர்ட்டுகளைத் தேடிக்கொண்டு ஓயாமல் ஓடும் புரோகிராம்கள் செய்கிற வேலை அது. போர்ட் எண்ணை வேறாக மாற்றினாலும் தேடிப் பிடித்துவிடுவார்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வேர் கும்பல்கள் உள்ளே நுழைய அதிகம் பயன்படுத்தும் வழிகளில் இதுவும் ஒன்று. குறுவைச் செலவுக்கு நகையைக் கொண்டுவந்து வைத்த குடும்பங்களின் கணக்கு அந்த சர்வரில் இருக்கிறது, அது ஒரு நாள் திறக்காமல் போனால் யாரிடம் போய் என்ன பதில் சொல்வீர்கள்?

அதனால் முதல் செலவு நுழைவுக்குத்தான் என்று முதலாளியிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஜீரோ டிரஸ்ட் கருவிகளில் பெரும்பாலானவை உங்கள் அலுவலகத்துக்குள் கனெக்டர் என்று ஒரு சின்ன புரோகிராமை ஓடவிடும், அது உள்ளிருந்து வெளியே போய்த்தான் இணைப்பை எடுக்கும், ஆகவே ரூட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டாம். நம் பக்கத்து பிராட்பேண்டில் தனி ஐபி, அதாவது மாறாத இணைய முகவரி, வேண்டுமென்றால் பெரும்பாலும் கூடுதல் பணம் கேட்பார்கள், அந்தச் செலவும் மிச்சம். உங்கள் அளவுக்கு ஸீஸ்கேலர் பெரிய சட்டை என்பது என் அபிப்பிராயம். கிளவுட்ஃபிளேர் ஆக்சஸ் 50 பேர் வரை இலவசம், டெயில்ஸ்கேல், ட்வின்கேட் இரண்டையும்கூடச் சோதித்துப் பார்க்கலாம். எதைப் போட்டாலும் பாஸ்வேர்டுக்கு மேல் ஓ.டி.பி. போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் இருக்கட்டும், போட்ட கையோடு பழைய 3389-ஐ மூடிவிடுங்கள். புதிய வாசலைக் கட்டிவிட்டுப் பழையதைத் திறந்தபடி விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

லோடு பேலன்சர் அப்புறம். உங்கள் 2 சர்வர்களும் ஒரே டேட்டாபேஸை நம்பித்தான் ஓடுகின்றன என்றால், மெதுவாக ஓடுவதற்கு அது மருந்தே இல்லை. பின்னால் தேவைப்பட்டால், 2001-லிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஹெச்ஏபிராக்ஸி என்ற லோடு பேலன்சர் சாஃப்ட்வேரே போதும்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் ரிசல்ட் போடுகிற அன்று இணையதளம் திணறிவிடுகிறது. லோடு பேலன்சர் போட்டு 3 சர்வர் வைத்தோம், அப்போதும் அதே கதை. ஏன்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: நெரிசல் எங்கே என்று பார்க்காமல் முன்பக்கத்தை அகலப்படுத்தியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன் அம்மா. 3 வெப் சர்வரும் ஒரே டேட்டாபேஸிடம் போய்க் கேட்கும்போது அதன் மேல் விழும் சுமை கூடத்தான் செய்யும். ரிசல்ட் வெளியான பிறகு மாறாத விஷயம், ஒவ்வொரு பதிவு எண்ணுக்கும் முந்தின ராத்திரியே பக்கத்தைத் தயாரித்து வைத்துவிட்டால் அன்று டேட்டாபேஸை எழுப்பவே வேண்டாம். பக்கங்களை வெளியே விடுவதற்கு முன்னால் பதிவு எண்ணோடு பிறந்த தேதியையும் கேட்டுச் சரிபாருங்கள், இல்லாவிட்டால் எண்ணை மாற்றி மாற்றி அடுத்தவர் மதிப்பெண்ணை யாரும் பார்த்துவிடலாம்.

இன்னொன்று, ஹெல்த் செக்கைப் பாருங்கள், அதாவது சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று லோடு பேலன்சர் அடிக்கடி கேட்டுப் பார்க்கும் சோதனையை. பல இடங்களில் முகப்புப் பக்கம் 200 (எல்லாம் சரி என்பதற்கான எண்) என்று பதில் தருகிறதா என்று மட்டும்தான் லோடு பேலன்சர் கேட்கும். டேட்டாபேஸ் இணைப்பு அறுந்துபோன சர்வர்கூட முகப்பை அழகாகக் காட்டும், 200 என்று சொல்லும், லோடு பேலன்சரும் நம்பி மாணவர்களை அதனிடமே அனுப்பிக்கொண்டிருக்கும். குறைந்த இணைப்பு உள்ள சர்வருக்கு அனுப்பு என்று அமைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், பிழைப் பக்கத்தைச் சட்டென்று கொடுத்து முடித்துவிடுவதால் கெட்டுப்போன சர்வர்தான் எப்போதும் காலியாகத் தெரியும், கூட்டம் முழுக்க அங்கேதான் போகும். டேட்டாபேஸில் ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிற தனிப் பக்கம் ஒன்றை எழுதச் சொல்லி, ஹெல்த் செக்கை அதற்கு மாற்றுங்கள்.

கேள்வி: வி.பி.என். ஏற்கெனவே இருக்கிறது. போதாதா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: வி.பி.என். என்பது வெளியில் இருப்பவரை அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கிற ரகசியப் பாதை, அது உள்ளே விட்டபின் பெரும்பாலும் மொத்த நெட்வொர்க்கும் கண்ணில் படும், ஒருவர் பாஸ்வேர்டு திருடு போனால் எல்லாம் போன மாதிரி. உள்ளே வந்துவிட்டான் என்பதற்காக நம்பாதே என்ற இந்த எண்ணத்தை 2010-ல் ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் ஜீரோ டிரஸ்ட் என்ற பெயரில் பரப்பினார். 2009-ல் தன் மேல் நடந்த தாக்குதலுக்குப் பிறகு கூகுள் இதே வழியில் பியாண்ட்கார்ப் என்று கட்டிக்கொண்டது. 2024 ஜனவரியில் இவான்டி வி.பி.என். பெட்டிகளில் ஓட்டை வெளியானபோது, அவற்றைக் கழற்றிவிடும்படி அமெரிக்க அரசு தன் துறைகளுக்கே உத்தரவு போட்டது.

ஆனால் பெயரை மாற்றினால் பாதுகாப்பு வந்துவிடாது. 2023 அக்டோபரில் நெட்ஸ்கேலரில் வெளியான சிட்ரிக்ஸ் பிளீட் ஓட்டை வழியாக, ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களின் செஷன் டோக்கன்களை, அதாவது லாகின் ஆனதற்கான அடையாளச் சீட்டுகளை, திருட முடிந்தது, பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் தேவைப்படவில்லை. அப்டேட் போட்டவர்களும் ஓடிக்கொண்டிருந்த செஷன்களை எல்லாம் கையோடு அறுத்துவிட வேண்டியிருந்தது. இணையத்தைப் பார்த்து நிற்கிற எந்தப் பெட்டியானாலும் அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: மகன் மன்னார்குடியில் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். அவனுடைய சொந்த லேப்டாப்பில் ஜீரோ டிரஸ்ட் ஆப் போடச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் பார்ப்பார்களா?
- ஒரு தாய், மன்னார்குடி

பதில்: எந்த வகை என்பதைப் பொறுத்தது அம்மா. கம்பெனி சாஃப்ட்வேருக்கு மட்டும் வழிவிடுகிற வகை என்றால், விண்டோஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா, டிஸ்க் பூட்டியிருக்கிறதா, ஆன்டிவைரஸ் இருக்கிறதா என்பது போன்றவற்றைத்தான் பார்க்கும். மொத்த இணையப் போக்கையும் தன் வழியாகத் திருப்பி, கூடவே ரூட் சர்டிஃபிகேட் ஒன்றையும் (பூட்டி வரும் பக்கங்களைக் கம்பெனி நடுவில் திறந்தாலும் லேப்டாப்பை நம்பவைக்கிற சான்று) பதிக்கிற வகை என்றால் அவன் திறக்கிற பக்கங்களைப் பிரித்துப் பார்க்க முடியும், கம்பெனி விலக்கி வைக்காவிட்டால் பேங்க் பக்கமும் அதில் அடக்கம். "ரூட் சர்டிஃபிகேட் பதிக்கிறீர்களா?" என்று அவனை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஆமாம் என்றால் கம்பெனி லேப்டாப் கேட்பதுதான் நியாயம்.

கேள்வி: புயல் வந்து நெட் போனால் இந்த கிளவுட் சமாசாரம் எல்லாம் என்ன ஆகும்?
- வாசகர், வேதாரண்யம்

பதில்: 2018 நவம்பரில் கஜா கரை கடந்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள், உங்களுக்கு இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். நெட் போனால் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் லோக்கல் நெட்வொர்க் வழியாகவே சர்வரைத் தொட ஒரு வழி இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், சில அமைப்புகளில் பக்கத்து அறைக்குப் போகிற வேலைகூட கிளவுடைச் சுற்றித்தான் வரும். 2025 நவம்பர் 18-ல் கிளவுட்ஃபிளேர் முடங்கியபோது அதன் ஆக்சஸ் சேவையில் லாகின் செய்ய முடியாமல் பலர் நின்றார்கள், அதற்குப் புயலோ மழையோ காரணம் இல்லை. கேபிள் இணைப்போடு மொபைல் நெட்வொர்க்கில் இரண்டாவதாக ஒன்று வையுங்கள், கனெக்டர் ஓடுகிற கம்ப்யூட்டரையும் ரூட்டரையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் சேர்த்துவிடுங்கள், லாகின் சேவை வேலை செய்யாதபோது பயன்படுத்தவென்று ஒரு லோக்கல் அட்மின் கணக்கின் பாஸ்வேர்டை உறையில் போட்டு பீரோவில் பூட்டி வையுங்கள்.

அப்புறம் லாக், அதாவது யார் எப்போது வந்தார், என்ன செய்தார் என்ற பதிவு. எந்தக் கருவியானாலும் 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும், தாக்குதல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்பது 2022 உத்தரவு. இலவசத் திட்டங்களில் லாக் அவ்வளவு நாள் தங்காது, அதை எடுத்து உங்கள் இடத்தில் சேமிக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.