எச்எல்ஏ டைப்பிங் முடிவுகளை இணையச் சேவை வழியே பகிர்வது: கேள்வி பதில்

எச்எல்ஏ டைப்பிங் (உறுப்பு, ஸ்டெம் செல் பொருத்தம் பார்க்க எச்எல்ஏ மரபணுக்களின் வகையைக் கண்டறியும் சோதனை) முடிவை எக்செல் ஃபைலிலேயே அனுப்பிவிடுகிறோம். ஜிஎல் ஸ்ட்ரிங் என்று ஒன்று எதற்கு?

எக்செல்லில் அல்லீலின் (மரபணுவின் ஒரு வடிவம்) எண்ணை 02:01 என்று மட்டும் தட்டினால் அதை மணி என்று எடுத்துக்கொள்ளும். வேறு மென்பொருள் படிக்கும்போது 0.084 என்று நிற்கும். அது சின்னச் சேதம், அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கினால் தீரும். பெரிய சேதம், பல விடை வந்த டைப்பிங்கை இரண்டே கட்டத்தில் திணிப்பது. வந்த விடை அத்தனையையும் ஒரே வரியில் எழுதத்தான் 2013-இல் ஜிஎல் ஸ்ட்ரிங் (ஜீனோடைப் லிஸ்ட் ஸ்ட்ரிங்) வந்தது. அப்போது வந்த குறிகள் ஐந்து: / என்றால் இந்த அல்லீல் அல்லது அந்த அல்லீல், ~ ஒரே குரோமோசோமில் சேர்ந்திருப்பவை, + ஒரு மரபணுவின் இரு பிரதிகள், | இந்த ஜோடி அல்லது அந்த ஜோடி, ^ அடுத்த மரபணு.

/ மட்டும் போதாதா சார்? | தனியாக ஏன்?

போதாது. நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். லேப் சொன்னது "அ+ஆ அல்லது இ+ஈ" என்று வையுங்கள். சரியான வரி: அ+ஆ|இ+ஈ. இதை அ/இ+ஆ/ஈ என்று சுருக்கினால், லேப் பார்க்கவே பார்க்காத அ+ஈ, இ+ஆ இரண்டும் உள்ளே நுழைந்துவிடும். எல்லாம் வெவ்வேறு அல்லீலாக இருந்தால் பத்து ஜோடி நூறாகும். ஒருமுறை கலந்துவிட்டால், எது உண்மையான ஜோடி என்று பின்னால் யாராலும் பிரிக்க முடியாது. மாற்று உறுப்புக்கோ ஸ்டெம் செல்லுக்கோ காத்திருப்பவரின் பொருத்தம் இந்த வரியை நம்பித்தான் தேடப்படுகிறது. தயவுசெய்து சுருக்காதீர்கள்.

ஜிஎல் சேவைக்கு (ஜிஎல் ஸ்ட்ரிங்கைப் பதிந்து அதற்கொரு முகவரி தரும் இணையச் சேவை) அனுப்பினால் + குறி காணாமல் போய் இடைவெளி வருகிறது.

ஸ்ட்ரிங்கை முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டியிருப்பீர்கள். அங்கே + என்றாலே இடைவெளிதான். %2பி என்று மாற்ற வேண்டும். |, ^, / மூன்றையும் அதேபோல் மாற்றுங்கள். அதைவிட, போஸ்ட் கோரிக்கையின் உடலில் வெறும் எழுத்தாக அனுப்புவது நல்லது. 201 என்ற பதிலோடு லொகேஷன் ஹெடரில் ஒரு முகவரி வரும்; அதைத்தான் சேமித்துப் பகிர வேண்டும். நோயாளி பெயர், மருத்துவமனை எண் எதுவும் அதோடு போகக் கூடாது.

ஏ*01:ஏபி என்று வந்திருக்கிறது. இது என்ன அல்லீல்?

அல்லீல் இல்லை, அமெரிக்க ஸ்டெம் செல் கொடையாளர் பதிவகமான என்எம்டிபி வழங்கும் எம்ஏசி குறியீடு; பல அல்லீலைச் சுருக்கிச் சொல்வது. விரித்தால் ஏ*01:01/ஏ*01:02. அவர்களுடைய இணையச் சேவையே விரித்துத் தரும். ஆனால் | தாங்கும் ஜோடித் தகவலை எம்ஏசி தாங்காது. ஏபி இருக்கும் இடத்தில் எக்ஸ்எக்ஸ் வந்தால் அந்தக் குடும்பம் முழுவதும் என்று பொருள். புது அல்லீல் சேரச் சேர அதன் பொருளும் விரியும்.

தரவுத்தளப் பதிப்பு எண்ணும் கட்டாயமா? எங்களிடம் 2008 கோப்புகளும் உண்டு.

கட்டாயம். எச்எல்ஏ அல்லீல்களின் பொதுத் தரவுத்தளமான ஐபிடி-ஐஎம்ஜிடி/எச்எல்ஏ மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வெளியிடுகிறது. இன்று ஒரே விடை தந்த டைப்பிங், புது அல்லீல் பதிவானதும் இரண்டு விடை ஆகலாம். உங்கள் 2008 கோப்பு 2010 ஏப்ரல் பெயர் மாற்றத்துக்கு முந்தையது. நடுவில் முக்காற்புள்ளி போட ஸ்கிரிப்ட் எழுதிவிடாதீர்கள்: ஏ*0201 என்பது ஏ*02:01 ஆகும், ஆனால் ஏ*9201 என்பது ஏ*02:101. மாற்று அட்டவணையை வைத்துத்தான் செய்ய வேண்டும். சிடபிள்யூ என்ற பழைய பெயரும் சி ஆனது.

அல்லீல் பெயரை இரண்டு புலமாக (முக்காற்புள்ளி பிரிக்கும் பகுதிகள்) வெட்டும்போது கடைசி எழுத்தை நீக்கலாமா?

கூடாது. ஏ*24:09என் என்பதில் உள்ள என், அந்தப் புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வருவதில்லை என்று சொல்கிறது. அதை நீக்கினால் இல்லாத ஆன்டிஜென் இருப்பதாகப் பதிவாகும். எல், எஸ், கியூ எழுத்துகளையும் இதேபோல் காப்பாற்றுங்கள்.

என்ஜிஎஸ் (புதுத் தலைமுறை டிஎன்ஏ வாசிப்பு) தந்த வரிசையையும் சேர்த்து அனுப்ப?

அதற்கு எச்எம்எல் 1.0 என்ற கோப்பு வடிவம் இருக்கிறது. ஜிஎல் ஸ்ட்ரிங், கன்சென்சஸ் வரிசை (பல வாசிப்புகளைச் சேர்த்து எடுத்த ஒரே வரிசை), ஒப்பிட்ட ரெஃபரன்ஸ், டைப்பிங் முறை, பதிப்பு எண் எல்லாம் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் போகும். நாளை பதிப்பு மாறினாலும் அந்த வரிசையிலிருந்தே மறுபடி அல்லீல் கணிக்கலாம்.