தோற்றுப் பழகிய அணியை எடுத்து நிறுத்துதல்: கல்லூரிக் கால்பந்து குறித்துக் கேள்வி பதில்

காவிரிப் படுகையில் இரண்டு கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநராக 28 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இரண்டிலும் நான் பொறுப்பேற்றபோது கால்பந்து அணி, கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் முதல் நாளிலேயே மூட்டை கட்டித் திரும்பும் நிலையில்தான் இருந்தது. முதல் கல்லூரியில் அணி தலைநிமிர மூன்று ஆண்டுகள் ஆயின. எல்லாம் தெரியும் என்ற தெம்புடன் போன இரண்டாவது கல்லூரியில் ஐந்து ஆண்டுகள் ஆயின. வந்த கேள்விகளுக்கு இந்த இரண்டு அனுபவங்களையும் வைத்தே பதில் எழுதுகிறேன்.

ஐயா, மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இந்த ஜூன் மாதம் பயிற்சியாளராகச் சேர்ந்திருக்கிறேன். அணி மூன்று ஆண்டுகளாக ஓர் ஆட்டத்திலும் வென்றதில்லை. சென்ற ஆண்டு முதல் சுற்றில் 7-0 எனத் தோற்றிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பேருந்து நேரத்திலிருந்து தொடங்குங்கள் தம்பி. கேலியாகச் சொல்லவில்லை. நம் பக்கத்துக் கல்லூரிகளில் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் சிலரே. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, கோட்டூர், நீடாமங்கலம் எனச் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பஸ் பாஸில் வந்து போகிறவர்களே பெரும்பான்மை. காலை ஆறு மணிக்குப் பயிற்சி என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டு, வராதவனுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டினால், ஊருக்குள் குடியிருக்கும் ஏழெட்டுப் பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் வட்டம் சுற்ற வேண்டியதுதான்.

முதல் வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பட்டியலில் உள்ள ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக உட்காருங்கள். எந்த ஊர், ஊருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறானா, எத்தனை பாடத்தில் அரியர், வீட்டில் வயல் வேலை உண்டா, பூட்ஸ் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு பயிற்சி நேரத்தைக் குறியுங்கள். வாரத்தில் நான்கு நாள், மாலையில் ஒரு மணி நேரம், பதினெட்டுப் பேர் தவறாமல் வருவது போதும். ஆறு நாள் இரண்டு மணி நேரம் என்று வைத்து, நாளுக்கு ஒரு கூட்டம் வந்தால், பதினொரு பேர் ஒருவரையொருவர் அறிந்து ஆடும் ஆட்டம் ஒருநாளும் உருவாகாது.

அடுத்து, அந்த ஏழு கோல்களும் எப்படி விழுந்தன என்று விசாரியுங்கள். ஆடிய பையன்களுக்கு அது மறந்திருக்காது. நான் பார்த்தவரை, இத்தகைய அணிகள் முதல் அரை மணி நேரம் எதிரணிக்குச் சமமாகவே ஓடும். முதல் கோல் விழுந்ததும் ஆளுக்கு ஆள் கை நீட்டிக் குறை சொல்லத் தொடங்கும். பிறகு இடைவேளை கழித்து, மூச்சு வாங்கும் நேரத்தில், கார்னரிலும் தங்கள் கோல்கீப்பர் உதைத்த பந்து அப்படியே திரும்பி வருவதிலும் வரிசையாகக் கோல் வாங்கும். எனவே கோல் அடிக்கக் கற்றுத் தருவதை நான் எப்போதும் இரண்டாம் பருவத்துக்கே ஒதுக்குவேன். முதல் பருவத்தில் வாங்கும் ஏழு கோலை மூன்றாக்க வேண்டும், பிறகு மூன்றை ஒன்றாக்க வேண்டும். 1-0 எனத் தோற்றுத் திரும்பும் பேருந்தில் பையன்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். 7-0 எனத் தோற்று வரும்போது காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தூங்குவார்கள். முதல்வரிடமும் இதை ஜூலையிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அவர் கேட்கப்போவது கோப்பையைத்தான்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் அணித்தலைவர்: தொலைக்காட்சியில் பெரிய அணிகள் எல்லாம் 4-3-3 ஆடுகின்றன. எங்கள் புதிய பயிற்சியாளர் 4-4-2 என்கிறார். பழைய முறை அல்லவா?

பழையதுதான். (இந்த எண்கள் தடுப்பிலும் நடுக்களத்திலும் முன்களத்திலும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைச் சொல்பவை.) ஆனால் நான்கு பேர் கொண்ட இரண்டு வரிசைகளை மூன்று வாரத்தில் சொல்லித் தந்துவிடலாம். 4-3-3 முறையில் நடுக்களத்தில் மூன்று பேர் நான்கு பேரின் ஓட்டத்தை ஓட வேண்டும், இரண்டு விங் ஆட்டக்காரர்களும் பந்து போனதும் பின்னோக்கி ஓடி வர வேண்டும். மதியம் இரண்டு மணி வெயிலில், ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைக்கும் நம் போட்டிகளில் அது எளிதன்று. எண்களைவிட இடைவெளியைக் கவனியுங்கள். கடைசித் தடுப்பாட்டக்காரருக்கும் முன்னால் நிற்பவருக்கும் இடையே 35 மீட்டருக்கு மேல் விரியாமல் அணி மொத்தமாக ஏறி, மொத்தமாக இறங்கினால், எந்த எண்ணிக்கையில் நின்றாலும் உங்களை உடைப்பது கடினம்.

பட்டுக்கோட்டையிலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியர்: தோற்றே பழகிய மூத்த மாணவர்களை ஒட்டுமொத்தமாகக் கழித்துவிட்டு, முதலாண்டு மாணவர்களை வைத்துப் புதிதாகக் கட்டுவது நல்லதா?

இரண்டாவது கல்லூரியில் நான் செய்த பெரும் பிழையே இதுதான். சேர்ந்த முதல் மாதத்தில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஏழு பேரை நீக்கினேன். அவர்களில் ஒருவன் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன். கால் வேகம் குறைவு. ஆனால் முந்தைய இரவே எல்லோருக்கும் தொலைபேசியில் பேசி, எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று சொல்லி, வராதவனின் வீட்டுக்கே போய் அழைத்து வந்தவனும் அவன்தான் என்பது அவன் போன பிறகே எனக்குத் தெரிந்தது. அந்த ஆண்டு தொடக்க ஆட்டத்துக்கு ஒன்பது பேருடன் போய் நின்றோம்.

இந்தியக் கால்பந்தின் பழைய கதை ஒன்று இங்கே பொருந்தும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம் அணி யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றது. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், ஐதராபாத்தில் ஆசிரியராக இருந்தவர். அத்தோல்விக்குப் பிறகும் பொறுப்பு அவரிடமே இருந்தது. 1956 மெல்போர்னில் அவருடைய அணி ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று நான்காம் இடம் பெற்றது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தொடக்க ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 எனத் தோற்ற அவர்கள், இறுதியாட்டத்தில் அதே தென் கொரியாவை 2-1 என வென்று தங்கம் வாங்கினார்கள். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்களத்துக்கு ஏற்றினார், அவர் இறுதியாட்டத்தில் கோலும் அடித்தார். இருக்கும் ஆளை வெளியேற்றுவதற்கு முன், அவனை வேறு இடத்தில் நிறுத்திப் பார்த்தோமா என்று ஒரு பருவமாவது சோதித்துப் பாருங்கள். (தையல் போட்டவனை ஆடவிடுவதை மட்டும் இன்று யாரும் பின்பற்ற வேண்டாம்.)

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு மாணவர்: கடற்கரை மணலில் வெறுங்காலில் ஆடிப் பழகியவன் நான். பூட்ஸ் போட்டால் பந்து காலில் நிற்கவில்லை. கட்டாயம் போட வேண்டுமா?

கட்டாயம் போட வேண்டும். காலணியும் ஷின் கார்டும் (முன்கால் எலும்பைக் காக்கும் பட்டை) அணியாத ஆட்டக்காரரை நடுவர் களத்துக்குள் விடக்கூடாது என்பது ஆட்ட விதி. ஹெல்சிங்கியில் நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன்தான் ஆடினார்கள், அந்தக் காலம் முடிந்துவிட்டது. நீண்ட ஆணி வைத்த பூட்ஸை வாங்காதீர்கள். நம் பக்கத்துக் காய்ந்த களிமண் தரைக்குக் குட்டையான ரப்பர் குமிழ்கள் வைத்ததே ஏற்றது. பெருவிரல் முனை இடிக்காத அளவில், ஆட்டத்துக்குப் போடும் அதே காலுறையைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் வீட்டுத் திண்ணையில் சுவரில் பந்தைத் தட்டி எடுத்துப் பழகினால் கூச்சம் போய்விடும். வாரம் ஒரு நாள் மணலில் ஓடுவதை விட்டுவிடாதீர்கள், கெண்டைக்காலுக்கு அதைவிட நல்ல பயிற்சி எங்கள் உள்நாட்டுப் பையன்களுக்குக் கிடைப்பதில்லை.

கும்பகோணத்திலிருந்து: எங்கள் மைதானம் சித்திரையில் பாறையாகவும் ஐப்பசியில் நாற்றங்காலாகவும் இருக்கிறது. பணம் செலவழிக்க நிர்வாகம் தயாராக இல்லை. என்ன செய்யலாம்?

வண்டல் களிமண்ணின் குணம் அது. நெல்லுக்கு எது வரமோ அதுவே கணுக்காலுக்குச் சாபம். பணமில்லாமல் செய்யக்கூடியவை மூன்று உண்டு. மைதானத்தின் நடுப்பகுதி ஓரங்களைவிடச் சற்றே உயர்ந்திருக்க வேண்டும், சுற்றிலும் ஒரு வாய்க்கால் வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை வைத்து ஒரு முகாமில் இதைச் செய்து முடிக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம், வரப்பு வெட்டத் தெரிந்த பையன்களுக்கு நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பொறியாளர் வந்து சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, உருளை போடும் பதம். மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டு நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில் உருட்டினால் வெடிப்பு குறையும். ஈரம் மிகுந்திருக்கையில் உருட்டினால் தளம் போட்டதுபோல் இறுகி, அடுத்த மழையில் நீர் இறங்காது.

மூன்றாவதுதான் பயிற்சியாளர்களுக்குப் பிடிக்காதது. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் வாரங்களில் மைதானத்தில் இறங்கவே இறங்காதீர்கள். சேற்றில் ஒரு நாள் ஆடினால், இருபத்திரண்டு பேரின் கால்களும் உழுது போட்ட பள்ளங்கள் தை மாதம் வரை கல்லாகக் காய்ந்து நிற்கும், கணுக்கால் பிசகுவது அவற்றில்தான். அந்த வாரங்களைக் கூடைப்பந்துத் தளத்தில் கழியுங்கள். ஐந்து பேர் வட்டமாக நின்று இரண்டு தொடுதலுக்குள் பந்தை மாற்ற, நடுவில் இரண்டு பேர் அதைப் பறிக்க முயலும் ஆட்டத்தை நாள்தோறும் இருபது நிமிடம் ஆடினால், பந்தை வாங்குவதற்கு முன்பே தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். என் முதல் அணியின் பாஸ் ஆட்டம் திருந்தியது ஒரு கார்த்திகை மழையில்தான்.

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு மாணவர்: தை மாதம் சம்பா அறுவடை. பத்து நாள் பயிற்சிக்கு வர முடியாது. புதிய பயிற்சியாளர் என்னை நீக்கிவிடுவாரா?

முன்கூட்டியே சொன்னால் நீக்க மாட்டார், நீக்கவும் கூடாது. அறுவடை இயந்திரம் வந்த பிறகு அறுப்பு அரை நாள் வேலையாகிவிட்டது என்று வெளியூர்ப் பயிற்சியாளர்கள் நினைப்பதுண்டு. அறுத்த நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு, முறை வரும்வரை, பனியிலும் எதிர்பாராத மழையிலும் தார்ப்பாய் போர்த்தி இரவெல்லாம் காவல் கிடப்பது வீட்டுப் பையன்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அதை நீங்களே விளக்கிச் சொல்லுங்கள். பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தூக்கமில்லாமல் திரும்பி வருபவனை முதல் நாளே முழு ஆட்டத்தில் இறக்காதீர்கள், பின்தொடைத் தசை கிழிவது அப்போதுதான்.

பாபநாசத்திலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு மூன்று அரியர். பந்து விளையாட்டால்தான் இப்படி ஆயிற்று என்று அவன் அப்பா சொல்கிறார்.

அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. அரியர் வைத்தவனை அணியிலிருந்து விலக்கினால் அந்த ஒரு மணி நேரத்தில் அவன் படிப்பான் என்பதை நான் ஒருமுறையும் கண்டதில்லை. என் அணியில் ஒரு வழக்கம் இருந்தது. தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம் பயிற்சி நேரம் பாதியாகும், மீதி நேரத்தில் மூத்த மாணவர்கள் நூலகத்தில் இளையவர்களுக்குப் பாடம் சொல்லித் தருவார்கள். இத்தகைய ஏற்பாடு செய்ய முடியுமா என்று பயிற்சியாளரிடம் நேரில் கேளுங்கள். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அதற்கும் தகுதியான போட்டிகளில் ஆடிய சான்றிதழ் வேண்டும், பட்டம் கேட்கும் பணியென்றால் பட்டமும் வேண்டும். அவன் அப்பாவிடம் முதல் பாதியையும், மகனிடம் இரண்டாம் பாதியையும் சொல்லுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு மாணவி: பெண்கள் அணி தொடங்க விரும்புகிறோம். ஒன்பது பேர்தான் இருக்கிறோம்.

விதிப்படி ஏழு பேர் இருந்தாலே ஆட்டத்தைத் தொடங்கலாம், ஒன்பது பேர் தாராளம். முதல் ஆண்டு ஏழு பேர் ஆட்டமாகவே ஆடுங்கள். கொள்ளிடத்துக்கு அப்பால் உங்களுக்குப் பக்கத்து மாவட்டமான கடலூரிலிருந்து இந்திய அணிக்குப் போனவர் இந்துமதி கதிரேசன். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் தேசியச் சாம்பியன் பட்டம் வென்றிருக்கிறது. இவற்றைச் சொல்லி நிர்வாகத்திடம் மூன்று கேளுங்கள்: பூட்டக்கூடிய உடை மாற்றும் அறை, தனியான பயிற்சி நேரம், உடன் வர ஒரு பேராசிரியை. பந்தும் ஜெர்சியும் பிறகு தானே வரும்.

பயிற்சியில் வெயிலுக்கு என்ன குடிக்கலாம்?

நீராகாரமும் உப்பிட்ட மோரும் நல்லவை. ஒரு லிட்டர் காய்ச்சிய நீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தும் வைத்துக்கொள்ளலாம். யாராவது பிதற்றினாலோ, உடல் கொதித்து மயங்கினாலோ, நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் நீரூற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

ஐயா, முதல் கேள்வி கேட்டவர் எங்கள் பயிற்சியாளர்தான் என்று நினைக்கிறேன். அந்த ஏழு கோலையும் வாங்கிய கோல்கீப்பர் நான். என்னை வைத்துக்கொள்வாரா?

அதை அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஏழு கோலையும் கோல்கீப்பர் கணக்கில் மட்டும் எழுதும் பயிற்சியாளர் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்க மாட்டார். நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு கோலுக்கும் ஒரு தாளில் களத்தை வரையுங்கள். பந்து எங்கிருந்து வந்தது, நீங்கள் எங்கே நின்றீர்கள், உங்களுக்கு முன்னால் யார் நின்றார்கள், யார் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது என்று குறியுங்கள். எத்தனையில் நீங்கள் கோட்டிலேயே நின்றுவிட்டீர்கள், எத்தனையில் முன்னேறி வந்திருக்கலாம் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். நாளை மாலை பயிற்சி முடிந்ததும், உங்கள் கடைசிப் பேருந்துக்கு நேரம் இருந்தால், அந்த ஏழு தாளையும் அவர் கையில் கொடுங்கள்.