ஊட்டியா, குற்றாலமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாசி பிறந்தாலே எங்கள் வீட்டில் இந்தச் சண்டை தொடங்கிவிடுகிறது. என் கணவருக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கோடை விடுமுறை என்றால் அவருடைய அண்ணன் வீட்டில் ஒரு வாரம் தங்கிக் குற்றாலத்தில் குளித்துவிட்டு வருவது என்பதில் அவருக்கு மறுபேச்சே கிடையாது. “சொந்த வீடு இருக்கும்போது ரூம் வாடகை எதற்கு? வருஷத்தில் ஒரு வாரமாவது அண்ணனோடு உட்கார்ந்து பேச வேண்டாமா?” என்கிறார். போன ஆண்டு அங்கே இருந்த ஏழு நாளில் ஆறு நாள், காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தவள் நான். அருவியில் தண்ணீரும் இல்லை. அப்படியும் 18,000 ரூபாய் செலவாயிற்று. எதிர்வீட்டார் ஊட்டிக்குப் போய்வந்த படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்கும் குழந்தைகளுக்கும் (14, 8 வயது) அங்கே போக ஆசை. அங்கே கூட்டமும் கொள்ளை வாடகையும்தான் மிச்சம் என்று அவர் மறுக்கிறார். சீட்டுப் பணம் 35,000 ரூபாய் கையில் இருக்கிறது. மாமியாரையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர். என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாம்பரம்

பதில்: சகோதரி, கடிதத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன, விஷயம் நடுவில், காலை ஐந்து மணி அடுப்பில் இருக்கிறது. குற்றாலத்தின் மேல் உங்களுக்கு வருத்தம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. விடுமுறையிலும் ஓயாத சமையல் மேல்தான் வருத்தம். உங்கள் கணவருக்கும் அருவியைவிட அண்ணன்தான் பெரிது என்பது அவர் சொன்னதாக நீங்கள் எழுதியுள்ள வாக்கியத்திலேயே தெரிகிறது. அவருக்கு உறவோடு இருக்க வேண்டும், உங்களுக்கு அடுப்பை விட்டு விலகி இருக்க வேண்டும். இரண்டும் நியாயமான ஆசைகள். ஒரே வாரத்தில், ஒரே வீட்டில் இரண்டையும் நிறைவேற்றப் பார்ப்பதால்தான் ஆண்டுதோறும் சண்டை வருகிறது.

முதலில் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். குற்றாலத்தின் சீசன் தென்மேற்குப் பருவமழையை நம்பியது. அந்த மழை கேரளத்தில் தொடங்குவதற்கான வழக்கமான நாளே ஜூன் 1. மழை மலையில் இறங்கி, சாரல் விழுந்து, பேரருவியும் ஐந்தருவியும் நிறைவதற்குள் தமிழ்நாட்டில் பள்ளிகள் திறந்துவிடுகின்றன. ஆகவே கோடை விடுமுறையில் குற்றாலம் போகிறவர்கள் பெரும்பாலும் காய்ந்த பாறையையும் குரங்குகளையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கோடை மழையில் திடீரென்று தண்ணீர் வந்தாலும் அதை நம்பி இறங்கக் கூடாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோயிற்று. தென்காசியில் வளர்ந்த உங்கள் கணவருக்கு இதெல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர் நினைவில் இருப்பது ஆனி, ஆடிச் சாரலில் நனைந்த சிறுவயதுக் குற்றாலம். அதை அவர் வைகாசியில் தேடிக்கொண்டிருக்கிறார். இதைக் குற்றமாகச் சொல்லாமல், “நீங்கள் பார்த்த குற்றாலத்தைக் குழந்தைகள் இன்னும் பார்க்கவே இல்லை, ஜூலையில் காட்டுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது, வாடகை இல்லை என்பதால் செலவும் இல்லை என்ற எண்ணம். அதற்கு நீங்கள் குறித்திருக்கும் 18,000 ரூபாயே பதில் சொல்கிறது. அண்ணன் பிள்ளைகளுக்குத் துணிமணி, போகிற வீடுகளுக்கெல்லாம் பழமும் பலகாரமும், எல்லாரும் சேர்ந்து போவதற்கு வேன், கிளம்பும்போது சிறுவர்கள் கையில் வைக்கும் ரூபாய் நோட்டு என்று அது எப்படிப் போயிருக்கும் என்பது ஊருக்குப் போய்வருகிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். இவை அன்பின் செலவுகள், குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவற்றையும் பயணச் செலவு என்றே கணக்கில் எழுத வேண்டும். ஆறு நாள் ஒரு கூட்டுக் குடும்பத்துக்குச் சமைத்த உங்கள் உழைப்பையும் அதே ஏட்டில் எழுதினால், இலவசமாகத் தங்கினோம் என்று சொல்ல அவருக்கே கூச்சமாக இருக்கும்.

இனி அவர் பக்கம். ஊட்டியைப் பற்றி அவர் சொல்வதில் பாதிக்குமேல் உண்மை. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனங்களில் செல்ல இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 சீசனில் ஊட்டிக்குள் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள்தாம் என்று வரம்பும் வந்தது. மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் அறை வாடகை ஏறுவதும், தாவரவியல் பூங்கா வாசலில் வண்டி நகராமல் நிற்பதும் அவர் கற்பனை செய்தவை அல்ல. அதனால் எதிர்வீட்டார் படங்களில் இருக்கும் ஊட்டியை அப்படியே எதிர்பார்த்துப் போகாதீர்கள்; படம் எடுக்கிறவர்கள் நெரிசலைப் படச்சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவார்கள்.

என்றாலும் வழி இருக்கிறது. காரை விட்டுவிடுங்கள். ரயிலிலும் அரசுப் பேருந்திலும் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. ஞாயிறு இரவு சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் திங்கள் காலை மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயிலில் இடம் கிடைத்தால் அதுவே உங்கள் விடுமுறையின் முதல் நாளாகிவிடும். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் போடப்பட்டு, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பாதை அது. காலை 7.10-க்குப் புறப்பட்டு ஏறத்தாழ ஐந்து மணி நேரம், 46 கிலோமீட்டரும் ஊர்ந்தே ஏறும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்சட்டத்தை எஞ்சினின் பல்சக்கரம் கடகடவென்று கடித்து ஏறுவதை எட்டு வயதுப் பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆனால் இடங்கள் மிகக் குறைவு. முன்பதிவு தொடங்கியதுமே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் மனமுடைய வேண்டாம். பேருந்தில் குன்னூர் போய்விட்டு, அங்கிருந்து வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஊட்டிக்குப் போகும் ரயிலில் ஏறலாம். அதற்கு இடம் கிடைப்பது எளிது, பிள்ளைகளுக்கும் அலுக்காது. தங்குவதையும் குன்னூரிலேயே வைத்துக்கொள்ளுமாறு சொல்வேன். சிம்ஸ் பூங்கா அங்கேயே இருக்கிறது; ஊட்டியை ஒரு நாள் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். வியாழன் இரவு மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறினால் சனி, ஞாயிறு நெரிசல் உங்களைத் தொடாது. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்களை எடுத்துச் செல்லுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை உண்டு, சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

பணத்தை இப்படிப் பிரிக்கலாம். ஸ்லீப்பர் வகுப்பில் ஐந்து பேரும் போய்வர ஏறத்தாழ 4,000 ரூபாய் போதும். எட்டு வயதுக் குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் அரைக் கட்டணம்தான், ஆனால் இரவுப் பயணத்தில் அந்தச் சிக்கனத்துக்கு உங்கள் தூக்கம்தான் விலை. ஐந்து பேர் படுக்கக்கூடிய குடும்ப அறைக்கு மூன்று இரவும் சேர்த்து 9,000-க்கு மேல் போவதில்லை என்று வரம்பு கட்டுங்கள். சாப்பாட்டுக்கு 8,000, உள்ளூர்ப் போக்குவரத்துக்கும் நுழைவுச் சீட்டுகளுக்கும் 5,000. மொத்தம் 26,000 ஆயிற்று. மீதி 9,000-ல் மூவாயிரத்தைத் தொடாமல் வைத்துவிட்டு, ஆறாயிரத்தை உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். அது ஜூலைக் குற்றாலத்துக்கு.

ஆம், இரண்டு பயணமும்தான். ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் தாம்பரத்திலேயே ஏறினால் சனிக்கிழமை காலை தென்காசியில் இறங்கலாம், ஞாயிறு மாலை திரும்பலாம். பள்ளிக்கு ஒரு நாளும் கெடாது. ஏழு நாள் இரண்டு நாளாகச் சுருங்குவதை அவர் எளிதில் ஏற்கமாட்டார். ஆனால் அந்த இரண்டு நாளும் அருவியில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். இதற்கு ஒரே ஒரு நிபந்தனை வைக்கலாம். சனிக்கிழமை இரவு யாரும் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது, எல்லாரும் பிரானூர் பார்டருக்குப் பரோட்டா சாப்பிடப் போக வேண்டும். ஞாயிறு விடியற்காலையில் நீங்களும் உங்கள் ஓரகத்தியும் மட்டும் ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள்; காலை இட்லியை அண்ணன் தம்பி இருவரும் அவித்து வைக்கட்டும். அந்த வீட்டில் ஆண்டு முழுவதும் ஐந்து மணிக்கு எழுகிற ஓரகத்தியிடம் இதை முதலில் சொல்லிவையுங்கள். உங்களுக்கு அங்கே ஒரு வலுவான துணை கிடைக்கும்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. மே 4-ஆம் தேதி கிளம்புவதானால் மார்ச் 5 காலை எட்டு மணிக்கே உட்கார வேண்டும். அதற்கு முந்தைய வாரத்துக்குள் பேசி முடித்துவிடுங்கள். அவர் அலுவலகம் விட்டு வந்து செருப்பைக் கழற்றும் நேரத்தில் பேச்சை எடுக்காதீர்கள். ஞாயிறு காலை, காபிக்குப் பிறகு, கணக்குத் தாளோடு.

கேள்வி: திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மனைவி தாய்லாந்து போகலாம் என்கிறார். எனக்கு மூணாறு போதும். கையில் பணம் இல்லை என்றேன். 1,50,000 ரூபாய் தனிநபர் கடன் வாங்கி இரண்டு ஆண்டுகளில் கட்டிவிடலாம் என்கிறார், 16 சதவீத வட்டியாம். நான் கஞ்சன் என்ற பெயரும் வாங்கிவிட்டேன்.
– ஒரு வாசகர், கோவை

பதில்: கடன் வாங்கி ஊர் சுற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 7,350 ரூபாய் வரும். 24 மாதத்தில் வட்டி மட்டும் 26,000 ரூபாயைத் தாண்டும். அந்த வட்டிப் பணத்திலேயே இரண்டு பேர் மூணாறு போய் வந்துவிடலாம்.

அதற்காக மனைவியின் ஆசையை மறுத்துவிடாதீர்கள். “வேண்டாம்” என்பதற்கும் “எப்போது” என்பதற்கும் வீட்டில் பெரிய வித்தியாசம் உண்டு. தவணை கட்ட முடியும் என்று அவர் நம்பும் அதே 7,350 ரூபாயை இருவரும் சேர்ந்து மாதந்தோறும் தொடர் வைப்பில் போட்டால் 20 மாதத்தில் 1,47,000 ரூபாய் சேர்ந்துவிடும், வட்டியும் உங்கள் பக்கம் வரும். இந்த ஆண்டுக்கு மூணாறும் பாஸ்போர்ட்டும் போதும். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் ஒருவருக்கு 1,500 ரூபாய்தான் கட்டணம். பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு உங்களைக் கஞ்சன் என்று சொல்வது சற்றுக் கடினம். பிறகு பேக்கேஜ் பதிவுசெய்யும் காலம் வரும்போது, விளம்பர விலையோடு டி.சி.எஸ். வரிப்பிடித்தம், விசா, காப்பீடு, மதிய உணவு ஆகியவை சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிடித்த வரியை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆனால் புறப்படும்போது அது உங்கள் கையிலிருந்துதான் போகும்.

கேள்வி: மாமனார், மாமியாரை ராமேஸ்வரம் அழைத்துப் போக வேண்டும் என்கிறார் கணவர். எனக்கோ குழந்தைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போக வேண்டும். இரண்டு பயணத்துக்கு வசதி இல்லை.
– ஒரு வாசகி, செங்கல்பட்டு

பதில்: ராமேஸ்வரமே தீவு அம்மா, கடலை எங்கே போய்த் தேடுகிறீர்கள்? 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடி தீவுக்குள்ளேயே போகிறது. கடலின் மேல் போகும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே குழந்தைகளை எழுப்பிவிடலாம். முதல் நாள் காலை கோயில் பெரியவர்களுக்கு, பிற்பகல் தனுஷ்கோடி குழந்தைகளுக்கு என்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவர்களையும், சாலை முடியும் அரிச்சல்முனையையும் பார்க்கட்டும். அங்கே கடலில் மட்டும் இறங்க விடாதீர்கள், நீரோட்டம் பொல்லாதது. 22 தீர்த்தங்களிலும் நீராடுவது முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம், ஈரக் கல்தளம் வழுக்கும். கணவர் உடன் நடக்கட்டும். ஆடி, தை அமாவாசை நாட்களைத் தவிர்த்தால் வாடகையும் கூட்டமும் குறையும்.

டிக்கெட் எடுக்கும்போது ஆறு பேரையும் ஒரே சீட்டில் போடாதீர்கள். 60 வயது கடந்த ஆண்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்குமான கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு, ஒரு சீட்டில் அத்தகைய இருவர் வரை மட்டும் இருந்தால்தான் கிடைக்கும். மாமனார், மாமியார் இருவருக்கும் தனியாக ஒரு சீட்டு எடுங்கள். பெட்டி வேறாக அமைந்துவிட்டால், அந்த ஓர் இரவு உங்கள் கணவர் பக்கத்துப் பெட்டிக்கு இரண்டு முறை நடந்து பார்த்துவிட்டு வரட்டும்.